கரும்புக்குள் ஒரு காட்டுப்புல்: ஜானகி அம்மாள் கதை

நம்ம காலேஜ் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நிற்கும். நாலு வருஷமா எனக்கு அங்கேதான் கணக்கு. இஞ்சி போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் கம்மியா. இன்டர்னல் முடிந்தால் ஒரு கிளாஸ், அரியர் விழுந்தால் இரண்டு கிளாஸ். அந்த கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

இந்த செமஸ்டர் ஓப்பன் எலெக்டிவாக பயோ-இன்ஃபர்மேடிக்ஸ் எடுத்தேன். மெக்கானிக்கல் பையனுக்கு அது எதுக்குன்னு கேட்காதீங்க, அட்டெண்டன்ஸ் ஈசின்னு சீனியர் சொன்னார். முதல் வாரமே ஒரு ஸ்லைடு வந்தது. மனிதனின் ஜீனோமைப் படித்து முடித்துவிட்டதாக 2003-இல் அறிவித்தார்கள். கரும்பின் ஜீனோமை உருப்படியாகப் படித்து முடித்தது 2024-இல். கரும்பு என்பது ஒரு புல். ஒரு புல்லைப் படிக்க மனிதனைவிட இருபது வருஷம் கூட ஆகுமா? ஏன்னு தேடப் போனேன். தேடின இடத்தில் எல்லாம் ஒரே பெயர் வந்துகொண்டே இருந்தது. இ. கே. ஜானகி அம்மாள். 1930-களில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து கரும்பின் குரோமோசோம்களைக் கண்ணால் எண்ணியவர். கடைசிக் காலத்தில் வேலை பார்த்தது மதுரவாயலில். படூரிலிருந்து 570 பஸ் பிடித்து கோயம்பேடு போனால், அங்கிருந்து பூந்தமல்லி ரோட்டில் கொஞ்ச தூரம். இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. ஸ்கூலில் டார்வினும் மெண்டலும் படித்தேன், பட்டாணிச் செடிப் படம்கூட வரைந்தேன். இவர் பெயர் ஒரு வரியில்கூட வரவில்லை. சரி, நாமளே எழுதுவோம்னு இந்தக் கட்டுரை. இங்கிலீஷ் மீடியம் தமிழ், பொறுத்துக்கோங்க.

ஜானகி பிறந்தது 1897 நவம்பர் 4, தலச்சேரியில். இன்றைக்கு அது கேரளா, அன்றைக்கு மதராஸ் மாகாணம். அப்பா இ. கே. கிருஷ்ணன் மாகாணத்தில் சப்-ஜட்ஜ். தோட்டம், பறவை, இயற்கை வரலாறு என்று ஆர்வம் உள்ள மனிதர். அம்மா தேவி, ஹானிங்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கும் ஒரு தீயர் குலப் பெண்ணுக்கும் பிறந்தவர். அந்தக் காலத்து சாதி ஏணியில் தீயர்களைக் கீழேதான் வைத்திருந்தார்கள். இது பின்னால் கோயம்புத்தூரில் திரும்ப வரும், அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன். பெரிய குடும்பம், நிறைய அக்கா தங்கைகள். அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கல்யாணம் நடந்தது. ஜானகி மெட்ராஸுக்குப் படிக்க வந்துவிட்டார். மெரினா எதிரில் இருக்கிறதே குயின் மேரிஸ் காலேஜ், அங்கே பட்டம். பிறகு பிரசிடென்சியில் தாவரவியல் ஆனர்ஸ், 1921-இல் முடித்தார். அப்புறம் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜில் வாத்தியார் வேலை. அன்றைய கணக்குக்கு ஒரு பெண்ணுக்கு இதுவே பெரிய தூரம். இங்கேயே நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போது அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று இருந்தது. ஆசியாவிலிருந்து வரும் பெண்களுக்கு மட்டும். ஜானகிக்கு அது கிடைத்தது. கப்பல் இறங்கியதும் குடியேற்ற அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்களாம். நீளமான முடி, பட்டுச் சேலை, நிமிர்ந்த நடை, ஏதோ இந்திய இளவரசி என்று நினைத்துவிட்டார்களாம். அவரும் இல்லை என்று சொல்லவில்லையாம். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. நம்ம விசா இன்டர்வியூவில் இதை முயற்சி செய்யாதீங்க.

மிச்சிகனில் மாஸ்டர்ஸ் முடித்துத் திரும்பி வந்து கொஞ்ச நாள் பாடம் நடத்தி, மறுபடி போய் 1931-இல் டாக்டர் ஆஃப் சயின்ஸ் வாங்கினார். நிக்காண்ட்ரா என்று ஒரு செடி, கத்தரி தக்காளிக் குடும்பம். அதன் குரோமோசோம்கள்தான் ஆராய்ச்சி. திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் பேராசிரியர். 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் வல்லுநராகச் சேர்ந்தார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்கணும். கரும்புக் கதை தெரியாமல் இவர் செய்தது புரியாது.

பொங்கலுக்கு வாங்குகிறோமே தடியான, கடித்தால் சாறு ஒழுகும் கரும்பு, அந்த வகைக்கு உயர்ஜாதிக் கரும்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். இனிப்பு அதிகம். ஆனால் ரொம்ப சொகுசு. குளிர் தாங்காது, வறட்சி தாங்காது, நோய் வந்தால் சாய்ந்துவிடும். வட இந்தியாவில் விளைந்தது மெல்லிசான, சாறு குறைந்த நாட்டுக் கரும்பு. அதனால் கரும்பு பிறந்த மண் என்று சொல்லிக்கொண்டே நாம் ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். இதைச் சரிசெய்யத்தான் 1912-இல் கோயம்புத்தூரில் அந்த நிலையத்தை ஆரம்பித்தார்கள். பார்பர் என்ற வெள்ளைக்காரரும் (ஸ்காலர்ஷிப் பார்பர் வேறு, இவர் வேறு) டி. எஸ். வெங்கட்ராமனும் ஒரு வேலை செய்தார்கள். வெள்ளை என்ற உயர்ஜாதிக் கரும்பை எடுத்து, நாணலோடு சேர்த்தார்கள்.

நாணல் நமக்குத் தெரியும். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் தானாக வளர்ந்து வெள்ளையாகப் பூ விட்டு ஆடிக்கொண்டிருக்கும். மாட்டுக்குப் போடலாம், கூரை வேயலாம், மற்றபடி களை. பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். இனிப்பு கிடையாது. ஆனால் வெயில், தண்ணீர், நோய் எதற்கும் அசராது. வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். இந்த இரண்டின் பிள்ளைதான் கோ 205. 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1918-இல் வெளியே வந்து பஞ்சாப் பக்கம் நன்றாக ஓடியது. அதற்குப் பின்னால் வந்த கோ ரகங்கள் இந்தியாவைத் தாண்டியும் போயின. இன்றைக்கு படாளம் கூட்டுறவு ஆலைக்கு மதுராந்தகம் பக்கம் லாரியில் போகும் கரும்பாக இருக்கட்டும், நம்ம வண்டிக்காரர் மெஷினில் சொருகுவதாக இருக்கட்டும், அதற்குள் ஒரு காட்டுப்புல் இருக்கிறது.

ஆக, ஜானகி வருவதற்கு முன்பே கலப்பினம் ஜெயித்துவிட்டது. உள்ளே என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைப் பார்க்க ஒரே வழி குரோமோசோம்களை எண்ணுவது.

எண்ணுவதில் என்ன இருக்கு என்று நானும் நினைத்தேன். போன மாதம் பயோடெக் நண்பனின் லேபில் வெங்காய வேர் நுனியை வைத்து முயற்சி செய்தேன். வேர் நுனியை வெட்டி, ஆசிடில் போட்டு, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செல் பிரியும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் குரோமோசோம் தனித்தனி நூலாகத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். வெங்காயத்துக்கு மொத்தம் 16. எனக்கு முதலில் 14 வந்தது, பிறகு 17. மூன்றாவது நாள்தான் 16. அதுவும் விடை தெரிந்ததால் வந்ததா என்று சந்தேகம்.

உயர்ஜாதிக் கரும்புக்கு 80. நாணலுக்கு ஊருக்கு ஊர் மாறும், 40-இல் ஆரம்பித்து 128 வரை போகும். இன்னொரு விஷயம் யோசித்துப் பாருங்க. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் 1923-இலிருந்து உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அது தப்பு, 46-தான் என்று கண்டுபிடித்தது 1956-இல். 46-ஐயே முப்பது வருஷம் தப்பாக எண்ணிய காலத்தில், ஜானகி நூற்றுச் சொச்சம் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணும்போது கணக்கு இடித்தது. அப்பா பாதி, அம்மா பாதி, இதுதானே நாம் படித்தது. கரும்பின் 80-இல் பாதி 40, கோயம்புத்தூர் நாணலின் 64-இல் பாதி 32, பிள்ளைக்கு 72 இருக்கணும். ஆனால் இருப்பது 112. கரும்பு பாதி கொடுக்காமல் முழு 80-ஐயும் கொடுத்துவிடுகிறது! இதை முதலில் கவனித்தவர்கள் ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள். பிரெமர் என்பவர் விரிவாக எழுதினார். ஜானகி இந்தியப் பக்கத்தில் இந்தக் கணக்கைத் தோண்டினார். எந்த ஊர் நாணலுக்கு எத்தனை, அது எங்கே எப்படிப் பரவியது, எங்கே தொடங்கியிருக்கும் என்று. நாணலின் பிறப்பிடம் இந்தியா என்ற முடிவுக்கு இந்த வேலை உதவியது. கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து, அதில் வந்த செடிகளின் குரோமோசோம்களையும் பார்த்தார். கரும்பு-மக்காச்சோளக் கலப்பு பற்றி 1938-இல் நேச்சர் இதழில் எழுதினார். இரண்டும் வேறு வேறு பேரினம். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் வேலியை ஒரு புல் எவ்வளவு சாதாரணமாகத் தாண்டும் என்பதை அவர் ஸ்லைடில் பார்த்திருக்கிறார்.

ஒரே குரோமோசோம் தொகுதி இரண்டுக்கு மேல் பல மடங்காக இருப்பதை பாலிபிளாய்டி என்கிறார்கள். விலங்குகளில் அபூர்வம். தாவரங்களில் புது இனம் பிறக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று. டார்வின் சொன்ன மெதுவான மாற்றம் ஒரு பக்கம் இருக்க, சில செடிகள் ஒரே தலைமுறையில் குரோமோசோமை இரட்டிப்பாக்கிக்கொண்டு தனி இனமாக நின்றுவிடும். ஜானகியின் வாழ்நாள் வேலை முழுக்க இதைச் சுற்றித்தான்.

முதலில் கேட்ட கேள்விக்கும் பதில் இதுதான். கரும்பு ஜீனோம் ஏன் அவ்வளவு தாமதம்? 2024-இல் நேச்சரில் வெளியானது ஆர் 570 என்ற ரகம், ரீயூனியன் தீவில் உருவானது. (ஆமா, நம்ம பஸ் நம்பரேதான்.) அதில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சுமார் 12 நகல்கள். மொத்தம் கிட்டத்தட்ட 1,000 கோடி டிஎன்ஏ எழுத்துகள். மனிதனுடைய ஒரு தொகுதி சுமார் 310 கோடி. ஆனால் நீளம் மட்டும் பிரச்சனை கிடையாது. நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். பன்னிரண்டு பேர் ஒரே லேப் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அங்கங்கே ஒரு எழுத்து தப்பு, ஒரு வரி விட்டுப்போச்சு. பன்னிரண்டு ரெக்கார்டையும் துண்டு துண்டாகக் கிழித்து, ஒரே மூட்டையில் போட்டுக் குலுக்கி, எந்தத் துண்டு யாருடையது என்று ஒட்டச் சொன்னால் என்ன ஆகும்? பழைய மெஷின்கள் சின்னச் சின்னத் துண்டாகத்தான் படிக்கும். அதனால் எல்லா நகலும் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். பல ஆயிரம் எழுத்துகளைப் பிழையில்லாமல் ஒரே மூச்சில் படிக்கும் மெஷின்கள் வந்த பிறகுதான் இந்த மூட்டை அவிழ்ந்தது. அவிழ்த்துப் பார்த்தால், இன்றைய கரும்பு ரகங்களில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை நாணலிடமிருந்து வந்தது. நோய் எதிர்ப்பும், வெட்டிய பிறகு மறுதாம்பு நன்றாக வருவதும் பெரும்பாலும் அந்தப் பங்கின் உபயம். எந்தெந்தத் துண்டு என்று இப்போது விரல் வைத்துக் காட்டுகிறார்கள். எண்ணிக்கை அளவில் அதை முதலில் தொட்டவர்களில் ஒருவர் கையில் இருந்தது சாயமும் கண்ணாடிச் சில்லும்தான்.

கோயம்புத்தூரில் அவருக்கு வேலை நன்றாகப் போனது, மனிதர்களோடு போகவில்லை. ஆண்கள் மட்டுமே இருந்த நிலையம். கல்யாணம் ஆகாத பெண், அதிலும் அந்தச் சாதிப் பின்னணி, அதிலும் அவர்களைவிடப் பெரிய பட்டம். உரசல் இருந்துகொண்டே இருந்தது. 1935-இல் சி. வி. ராமனின் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அது எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

1939 ஆகஸ்ட் கடைசியில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி போனார். அந்த மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது ரஷ்யாவின் வாவிலோவை. உலகம் முழுக்கச் சுற்றிப் பயிர்களின் காட்டு உறவினர்களைத் தேடி விதை சேர்த்தவர். அவரை சோவியத் அரசு அனுப்பவில்லை. அடுத்த வருஷம் கைது, 1943-இல் சிறையிலேயே சாவு. மாநாடு முடிவதற்குள் போர் மேகம் சூழ்ந்து, பல நாட்டுக்காரர்கள் பாதியில் மூட்டை கட்டினார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது. ஜானகியால் திரும்ப முடியவில்லை. சில வாரத்துக்குப் போனவர் பன்னிரண்டு வருஷம் தங்கிவிட்டார்.

லண்டன் பக்கத்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை கிடைத்தது. ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் போய்விடுவாராம், காலையில் அலமாரியில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வாராம். இந்தியாவிலிருந்து ஒரு அணில் குட்டியைச் சேலை மடிப்பில் ஒளித்துக் கொண்டுபோய் அங்கே வளர்த்தார் என்றும் குடும்பத்தில் சொல்வார்கள். பெயர் கபோக், அதாவது இலவம்பஞ்சு. எனக்கு இந்த அணில்தான் ரொம்பப் பிடித்தது. அந்தக் குளிரில், அந்தப் போரில், வெளிநாட்டில் தனியாக ஒரு பெண், துணைக்கு முதுகில் மூணு கோடு போட்ட ஒரு ஊர்க்காரன்.

அந்த வருஷங்களில்தான் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸைத் தொகுத்தார். 1945-இல் வெளிவந்தது. மனிதன் வளர்க்கும் செடிகளுக்கு எத்தனை குரோமோசோம், அவை எங்கிருந்து வந்திருக்கும் என்று அடுக்கிய புத்தகம். இன்றைக்கு நாம் ஜீனோம் டேட்டாபேஸில் தேடுகிறோமே, அதற்குக் காகிதத்தில் ஒரு தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். இல்லை, பாட்டி.

பிறகு விஸ்லியில் ராயல் தோட்டக்கலைக் கழகம். அங்கே அவர் கையில் கிடைத்தது கோல்சிசின். இந்த மருந்து நமக்கு அந்நியம் கிடையாது. நம்ம மாநிலப் பூ செங்காந்தளில் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டுப் பயிரிட்டு, விதையை மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அது செல்லுக்குள் செய்யும் வேலை ரொம்ப மெக்கானிக்கல். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிப்பாகும், பிறகு நுண்ணிய கயிறுகள் வந்து ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டு போகும். கோல்சிசின் அந்தக் கயிற்றைத் திரிக்க விடாது. இரட்டிப்பானது இரட்டிப்பானபடி ஒரே செல்லில் நின்றுவிடும். லிஃப்ட் ஆள் ஏற்றிய பிறகு கேபிள் இல்லாத மாதிரி. இந்த வித்தை 1937-இல்தான் அமெரிக்காவில் தெரிய வந்தது. ஜானகி மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கோல்சிசின் வைத்துப் பார்த்தார். குரோமோசோம் இரட்டித்த மரங்களுக்கு இலை தடித்தது, பூவிதழ் பெரிதானது. விஸ்லியில் பேட்டில்ஸ்டன் குன்றில் அவற்றை நட்டார்கள். அதில் ஒரு வகைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

1951-இல் நேரு கூப்பிட்டார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்க வேண்டும். ஜானகி வந்தார், திட்டம் போட்டுக் கொடுத்தார். தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. இந்தியச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள லண்டனுக்குப் போய் உலர்ந்த மாதிரிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடு அலகாபாத், ஜம்மு, கொஞ்ச நாள் டிராம்பே என்று சுற்றினார். இந்தப் பதவிப் பட்டியலை நான் வேகமாகத் தாண்டுகிறேன். ஏனென்றால் இந்தக் காலத்தில் நடந்த வேறு ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி ஒரு மரம் இருப்பதாகத் தெரிந்து தேடிப் போனார். மக்னோலியா கிரிஃபித்தி. அசாமின் அந்தப் பகுதியில் அந்த இனத்தில் இருந்ததே ஒன்றுதான். போய்ப் பார்த்தால் அது எரிந்து கிடந்தது. டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

விஸ்லியில் மக்னோலியாவை நாற்று நாற்றாக வளர்த்துக் குரோமோசோமை இரட்டித்தவர் அவர். இங்கே காட்டில் இருந்த ஒன்றும் போய்விட்டது. நாட்டுக்கு சோறு வேண்டும் என்று காட்டை வயலாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நியாயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது, பஞ்சம் பார்த்த தலைமுறை. ஆனால் வடகிழக்கு இமயமலை என்ன மாதிரி இடம் என்பது ஜானகிக்குத் தெரியும். குளிரும் வறட்சியுமான வடமேற்கை விட, குளிரும் ஈரமுமான வடகிழக்கில் பாலிபிளாய்டுகள் அதிகம் என்று அவர் ஏற்கெனவே காட்டியிருந்தார். சீனத் தாவரங்களும் மலேயாத் தாவரங்களும் நம்ம தாவரங்களும் அங்கே சந்திக்கின்றன, இயற்கையாகவே கலக்கின்றன, புது இனங்கள் பிறக்கின்றன. கோயம்புத்தூரில் மனிதர்கள் கஷ்டப்பட்டு வெள்ளையையும் நாணலையும் சேர்த்தார்களே, அந்த வேலை அங்கே ரொம்ப காலமாகத் தானாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே எரிவது ஒரு மரம் மட்டுமா? என்னால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்று ஒரு பெரிய கருத்தரங்கு. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் ஜானகி. இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை பற்றிப் பேசினார். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே இங்கே பழக்கத்துக்கு வராத நேரம் அது.

1970-இல் மெட்ராஸ் திரும்பினார், வயது 73. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மையத்தின் களஆய்வுக் கூடம் மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கி, மூலிகைச் செடிகள் வளர்த்து, அவற்றின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷங்களில் மஞ்சள் சேலைதான் கட்டுவாராம். 1977-இல் பத்மஸ்ரீ. பல வருஷம் கழித்து, கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் ஒரு தம்பதி தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த மதுரவாயல் நாட்களில்தான் சைலண்ட் வேலி பிரச்சனை வந்தது. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம். அணை வந்தால் 8.3 சதுர கிலோமீட்டர் மழைக்காடு தண்ணீருக்குள் போகும். சிங்கவால் குரங்குக்காக உலகமே பேசியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தெருவில் இறங்கியது. ஆசிரியர்கள், கவிஞர்கள், மாணவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நாமெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறோம், அணைப் பக்கமும் கொஞ்சம் பேசணும். மலபார் பகுதிக்கு அன்றைக்கு மின்சாரம் உண்மையிலேயே தேவைப்பட்டது. திட்டம் போட்டவர்கள் வில்லன்கள் கிடையாது. அவர்கள் கணக்கில் மெகாவாட் இருந்தது, கனஅடி இருந்தது, சிமெண்ட் இருந்தது. அந்தக் காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு காலம் இல்லை, ஏனென்றால் யாரும் எண்ணியதில்லை.

எண்பதைத் தாண்டிய ஜானகி அங்கே போய் எண்ணப் போகிறேன் என்று கிளம்பினார். சைலண்ட் வேலி மரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பு. அந்த ஆறு காட்டை ஏரியாக்குவதற்குள் இந்தத் துணிச்சலான வேலையைச் செய்யப் போவதாகத் தெரிந்தவர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். வேர் நுனி, சாயம், கண்ணாடிச் சில்லு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் களையாகக் கிடந்த நாணலுக்குச் செய்த அதே வேலை. எந்தக் காட்டுச் செடி நாளைக்கு எந்தப் பயிருக்குக் கை கொடுக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

1983 நவம்பரில் அரசு அணைத் திட்டத்தைக் கைவிட்டது. ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி இறந்தார். வயது 86, கடைசி வரை மதுரவாயல் ஆய்வுக்கூடம்தான் வீடு. அதே வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி சைலண்ட் வேலியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.